ஊர்ப் பத்திரிகைக்கு இணையம்: எழுத்துருவிலிருந்து தொடங்குவோம்

வட்டாரப் பத்திரிகை நடத்துகிறவரிடம் இணையத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் முதலில் கேட்பது, "வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?" என்பதுதான். சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர், எடப்பாடி என்று எந்த ஊரானாலும் கேள்வி மாறுவதில்லை. வாரத்துக்கு ஒரு முறை எட்டுப் பக்கம் அச்சடித்து, கட்டுகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஏஜென்டுகளிடம் வசூலுக்கு அலையும் மனிதர் அவர். காகித விலை ஏறினால் பக்கத்தைக் குறைக்கிறார். 2022இல் உக்ரைன் போரை ஒட்டி அச்சுக் காகிதத்தின் விலை எகிறியபோது பெரிய நாளிதழ்களே திணறின, இவர் என்ன செய்வார்? பணத்தைப் பற்றி அவர் கேட்பது நியாயம். ஆனால் வெப்சைட்டுக்கான பணம் இன்று பெரிய செலவே அல்ல. பெரிய சிக்கல் அதற்கு முன்னால், அவருடைய அலுவலகக் கணினிக்குள்ளேயே காத்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் தளம் தொடங்கியவர்கள் சில மாதங்களில் அதைக் கைவிட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வட்டாரப் பத்திரிகைக்குச் சொத்து என்று இருப்பவை மூன்று: இதுவரை வெளியிட்ட செய்திகள், வாசகர்களின் பட்டியல், பத்திரிகையின் பெயர். இந்த மூன்றையும் பத்திரிகையின் கையிலேயே விட்டுவைக்கும் கருவியைத்தான் மலிவான கருவி என்பேன். இலவசமாக வந்து இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளும் கருவிக்கு, பிற்பாடு நாம் கொடுக்கும் விலை பெரிது. இந்தக் கட்டுரையில் பெயர் சொல்லும் ஒவ்வொரு கருவியையும் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

சென்னைக்கு வெளியே இருந்து பத்திரிகை நடத்துவது சேலத்துக்குப் புதிதல்ல. டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' இங்கே வார இதழாகப் பிறந்து, பின்னர் சென்னைக்குப் போய் நாளிதழானது. இன்று பெரிய நாளிதழ்கள் எல்லாவற்றுக்கும் சேலத்தை ஒட்டிய பக்கங்கள் இருக்கின்றன. ஆனாலும் மாவட்டத்தில் 20 ஒன்றியங்கள், 385 ஊராட்சிகள். ஏற்காட்டில் கோடை விழா நடந்தால் பெரிய பத்திரிகையில் படம் வரும். செம்மநத்தத்தில் ரேஷன் கடை எந்த நாளில் திறக்கிறது, மாரமங்கலம் கிராம சபையில் எந்தத் தீர்மானம் தள்ளிப்போனது என்பதெல்லாம் வராது. அந்தச் செய்தி வட்டாரப் பத்திரிகை எழுதினால்தான் உண்டு. எழுதியது எட்டுப் பக்கக் காகிதத்தோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது என்பதுதான் என்னை வருத்தும் விஷயம்.

கணினிக்குள் இருப்பது தமிழா?

பெரும்பாலான வட்டாரப் பத்திரிகைகளில் இன்றும் பக்கம் கட்டுவது பேஜ்மேக்கரில். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டு, பிறகு அடோபியின் கைக்குப் போன மென்பொருள் அது. அதன் ஏழாம் பதிப்பு 2001இல் வந்தது. 2004இல் அடோபி அதை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டது. எல்லாக் கணினியும் கைப்பேசியும் ஒரேபோலப் படிக்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆகவே செந்தமிழ், வானவில், ஸ்ரீலிபி, பாமினி என்று ஏதோ ஒரு பழைய எழுத்துருவில்தான் செய்தியைத் தட்டுகிறார்கள்.

இதில் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. திரையில் அவை தமிழாகத் தெரிவதற்குக் காரணம், பாமினி எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பதுதான். அதே வரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வேஷம் கலைந்துவிடும். வாசகருக்குக் குப்பைபோல ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். கூகுளில் 'அம்மா' என்று தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அங்கே 'அம்மா' என்ற சொல்லே இல்லை. பி.டி.எஃப். ஆக்கி இணையத்தில் ஏற்றினாலும் இதே கதிதான். கண்ணுக்குப் பக்கம் அழகாகத் தெரியும், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. பத்து ஆண்டு இதழ்கள் வன்தட்டில் பத்திரமாக இருக்கும், இணையத்தைப் பொறுத்தவரை அந்தப் பத்திரிகை ஒரு வரியும் எழுதியிருக்காது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகள் பழையவை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. கைப்பேசிகள் வந்த பிறகு ஊரே யூனிகோடில் தட்டுகிறது. அச்சுக்குப் பக்கம் கட்டும் டி.டி.பி. மேசை மட்டும் மாறவில்லை. அங்கே வேலை செய்கிறவரின் விரல்கள் பதினைந்து, இருபது ஆண்டாக ஒரே விசைப்பலகையில் ஓடிப் பழகியவை. புதிதாகப் பழகச் சொன்னால் வெள்ளிக்கிழமை இதழ் திங்கட்கிழமைதான் வரும். அவர் தயங்குவதில் பிழை ஒன்றும் இல்லை.

நல்ல செய்தி, விரல்களை மாற்ற வேண்டியதில்லை. தமிழ் தட்ட உதவும் என்.ஹெச்.எம். ரைட்டர், இ-கலப்பை ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசம். என்.ஹெச்.எம். ரைட்டரில் தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி ஆகிய எல்லா விசை அமைப்பும் இருக்கின்றன. தட்டுகிறவர் வழக்கம்போல் தட்டுவார், கணினியில் விழுவது யூனிகோடாக இருக்கும். இதுவரை தட்டியவற்றை மாற்றுவதற்கு என்.ஹெச்.எம். கன்வர்ட்டரும், இணையத்திலேயே இயங்கும் பொங்குதமிழ் மாற்றியும் உள்ளன. இவையும் இலவசம்.

மாற்றும்போது சில இடங்களில் கண் வைக்க வேண்டும். தமிழ் வரிக்கு நடுவே ஆங்கிலத்தில் அடித்த சுருக்கப் பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகள், வண்டி எண்களின் முன்னெழுத்துகள் எல்லாவற்றையும் மாற்றும் மென்பொருள் தமிழ் என்றே நினைத்து உருட்டிவிடும். ஔகாரக் குறியும் 'ள'வும் ஒன்றுபோலத் தெரிவதால் 'கௌரி' இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் பாதிதான் வரும். கொம்பு, இரட்டைக் கொம்பு முன்னால் தட்டப்படும் பழைய முறையில் 'கொ', 'கோ' போன்றவை சில நேரம் உடைந்து நிற்கும். முதல் சில இதழ்களில் வரிக்கு வரி பார்த்து, எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால், பிறகு கண்டுபிடி-மாற்று வசதியைக் கொண்டே பெரும்பகுதியைத் திருத்திவிடலாம். வன்தட்டில் கிடக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க அந்த மென்பொருளே வேண்டும் என்பதில்லை. இலவசமான லிப்ரெஆபிஸ் அவற்றைத் திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், எழுத்து கைக்கு வந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

அப்படியானால் பேஜ்மேக்கரை இன்றே தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. வேலையின் வரிசையை மட்டும் திருப்பிப் போட்டால் போதும். செய்தியை முதலில் யூனிகோடில் தட்டுங்கள், திருத்துங்கள், இணையத்தில் ஏற்றுங்கள். பிறகு அதே வரியைக் கன்வர்ட்டரில் எதிர்த் திசையில் மாற்றிப் பழைய எழுத்துருவாக்கிப் பக்கத்தில் ஊற்றுங்கள். அச்சகத்துக்குப் போகும் பக்கம் வழக்கம்போலவே இருக்கும். மூலப்பிரதி மட்டும் யூனிகோடில் நம்மிடம் தங்கும். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம்தான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஓரிரு மாதம் இப்படி ஓடிய பிறகு பக்கம் கட்டுவதையும் மாற்ற விரும்புகிறவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. 2024 தொடக்கத்தில் வெளியான 1.6 பதிப்பு தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துக் காட்டுகிறது. நான்கு வண்ண அச்சுக்கு ஏற்ற பி.டி.எஃப். தருகிறது; ஆஃப்செட் அச்சகத்துக்கு வேண்டியது அவ்வளவுதான், எந்த மென்பொருளில் பக்கம் கட்டினீர்கள் என்று அச்சகத்தார் கேட்கப்போவதில்லை. குறையும் உண்டு. குறுகிய பத்தியில் நீண்ட தமிழ்ச் சொற்கள் வரும்போது வரிக்கு நடுவே ஓட்டை விழும். கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். இன்டிசைன் இதை இன்னும் நன்றாகச் செய்யும், ஆனால் மாதா மாதம் சந்தா கட்ட வேண்டும். வார இதழுக்கு அந்தச் செலவு தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. எழுத்துருக்களில் நோட்டோ, முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. அச்சிலும் இணையத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது.

பிழை திருத்த நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியும் நாவி சந்திப்பிழை திருத்தியும் இணையத்தில் உள்ளன. யூனிகோடுக்கு வந்தவர்களுக்குத்தான் அவை பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். கொம்மக்காடு, வெள்ளக்கடை போன்ற பெயர்களைப் பிழை என்று அவை காட்டக்கூடும். புரூஃப் பார்க்கும் கண்ணுக்கு அவை மாற்று அல்ல. அந்தக் கண் களைத்துப்போன இரவு பத்து மணிக்கு ஒரு துணை.

பெயரை முதலில் வாங்குங்கள்

இனி அந்த முதல் கேள்வி, வெப்சைட். இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பத்திரிகையின் பெயரில் ஒரு முகவரியை, அதாவது டொமைனை, பதிவு செய்யுங்கள். இந்தியாவுக்கான டாட் இன் முகவரி பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். அதை ஆசிரியரோ உரிமையாளரோ தம் சொந்த மின்னஞ்சலில், தம் பெயரில் பதிவு செய்ய வேண்டும். தளம் கட்டித் தருகிறவர் "நானே வாங்கித் தருகிறேன்" என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அவருடைய பெயரில் இருக்கும் முகவரி, அவரோடு மனஸ்தாபம் வந்த நாளில் உங்களுடையது அல்ல. பத்திரிகைப் பெயர் என்ற சொத்து இப்படித்தான் கைமாறிப் போகிறது.

தனியாளாக நடத்துகிறவர்களுக்கு பிளாகரே போதும். 2003 முதல் கூகுளிடம் இருக்கும் இலவச சேவை. சொந்த டொமைனை அதில் இணைத்துக்கொள்ளலாம், இடத்துக்கு வாடகை இல்லை, பாதுகாப்புப் பராமரிப்பும் நம் தலையில் விழாது. இரண்டு, மூன்று பேர் சேர்ந்து செய்தி ஏற்றுகிறார்கள், விளம்பரத்தை நாமே வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால் வேர்ட்பிரஸ். அதுவும் 2003இல் பிறந்ததுதான், மென்பொருள் இலவசம். சர்வர் வாடகைக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ஆகும். பிளாகரில் எழுதிய அனைத்தையும் வேர்ட்பிரஸுக்கு இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறது, ஆகவே சிறிதாகத் தொடங்குவதில் நட்டம் இல்லை. வேர்ட்பிரஸில் ஒரு கண்டிப்பு: புதிய பதிப்பு வரும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும், வாரம் ஒரு முறை பிரதி எடுத்து வைக்க வேண்டும். கவனிக்காமல் விட்ட தளத்தில் சூதாட்ட விளம்பரங்கள் புகுந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது. வாசகருக்கும் தளத்துக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்க லெட்ஸ் என்கிரிப்ட் தரும் பூட்டுச் சான்றிதழும், தளத்தைத் தாக்குதலிலிருந்து காக்கும் கிளவுட்ஃபிளேரின் அடிப்படைச் சேவையும் இலவசம். இவற்றுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மலைமேல் இருக்கும் வாசகரை நினைத்தால் தளத்தின் எடை முக்கியமாகிறது. நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்து மேட்டில் நிற்கிறவருக்கு சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அவருக்கு எட்டுப் பக்க பி.டி.எஃப். அனுப்பினால் இருபது, முப்பது எம்.பி. இறங்க வேண்டும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் எடுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தாலும் பத்தாயிரம் சொற்கள் கொண்ட ஓர் இதழின் எழுத்து முழுவதும் கால் எம்.பி.யைச் சுற்றித்தான் வரும். கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது அது. ஓடும் எழுத்து, தானாக ஓடும் காணொளி, திரையை மறைக்கும் அறிவிப்பு எதுவும் இல்லாத வெறும் எழுத்துப் பக்கம்தான் சேர்வராயன் மலையில் திறக்கும். அழகான தளம் வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர்களிடம் நான் இதை மட்டும் விடாமல் சொல்லுவேன்.

வாசகர் பட்டியல் யாரிடம்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இப்படிப்பட்ட நாளில் அடிவாரத்தில் வண்டி போகிறதா, மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாகப் போகலாமா என்பதுதான் மலைக்கும் சேலத்துக்கும் இடையில் இருக்கும் எல்லாருக்கும் வேண்டிய செய்தி. வார இதழால் அதைச் சொல்ல முடியாது. ஃபார்வர்டு செய்திகள் சொல்லும், ஆனால் அவை நேற்றையதா, மூன்று ஆண்டுக்கு முந்தைய படமா என்று தெரியாது. நம்பிக்கையான ஒரு குரல் அன்றைக்கு வாட்ஸ்அப்பில் இருக்க வேண்டும். ஊர்ப் பத்திரிகையின் பெயருக்கு அந்த நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது. பழைய படத்தைப் பிடிக்க கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேடினாலே பெரும்பாலும் போதும்.

வாட்ஸ்அப் சேனல் வசதி 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. எத்தனை பேர் வேண்டுமானாலும் பின்தொடரலாம், கட்டணம் இல்லை. குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதில் ஆளாளுக்குக் காலை வணக்கம் போட்டுச் செய்தி அமுங்கிவிடும். ஆகவே சேனல் நல்லதுதான். ஆனால் பின்தொடர்கிறவர்களின் எண் நமக்குத் தெரியாது. அதாவது, ஐயாயிரம் வாசகர் சேர்ந்தாலும் அந்தப் பட்டியல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்திடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. நாளை அந்த நிறுவனம் மனம் மாறினால்?

மாறியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டத்தை எதிர்த்து ஃபேஸ்புக் சில நாட்களுக்குச் செய்திகளை முழுவதுமாக மறைத்தது. 2023 ஆகஸ்டு முதல் கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளை நிறுத்தியது. சிறு ஊர்களின் பத்திரிகைகள்தான் அதில் அதிகம் அடிபட்டன. பத்திரிகைகளுக்காகவே 2015இல் தொடங்கிய இன்ஸ்டன்ட் ஆர்ட்டிக்கிள்ஸ் வசதியை 2023இல் மூடிவிட்டது. இவற்றில் எதுவும் ஆத்தூரிலோ ஏற்காட்டிலோ பத்திரிகை நடத்துகிறவரைக் கேட்டு நடக்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள்.

ஆகவே சேனலில் முழுச் செய்தியையும் கொட்ட வேண்டாம். இரண்டு வரிச் சுருக்கம், நம் தளத்தின் இணைப்பு, அவ்வளவு போதும். மண்சரிவு, பஸ் நேரம் போன்ற அவசரச் செய்திகளை மட்டும் முழுதாகச் சொல்லிவிடலாம். கூடவே ஒரு பழைய பழக்கத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும்: சந்தா நோட்டு. பெயர், ஊர், கைப்பேசி எண், சந்தா முடியும் தேதி என்று அந்த நோட்டில் இருப்பதை அப்படியே கூகுள் ஷீட்டிலோ லிப்ரெஆபிஸிலோ ஏற்றி, மாதம் ஒரு பிரதி பென்டிரைவில் எடுத்து வையுங்கள். புதிய வாசகரின் எண்ணை வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் வாசகருக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை அது. இந்தப் பட்டியல் கையில் இருந்தால் வாட்ஸ்அப் போனால் டெலிகிராம், அதுவும் போனால் குறுஞ்செய்தி.

செய்தி கிடைக்கும் இடங்கள்

இணையக் கருவி என்றால் வெளியிடுவதற்கு மட்டுமானது என்று நினைப்பதால், செய்தி தேட உதவும் தளங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊராட்சிகளின் திட்டங்களும் வரவு செலவும் 2020இல் தொடங்கிய இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சி வாரியாக இருக்கின்றன. எந்தத் தெருவில் கால்வாய் கட்டியதாகப் பணம் எடுத்தார்கள் என்று அங்கே பார்த்துவிட்டு, அந்தத் தெருவுக்குப் போய்ப் படம் எடுத்து வந்தால் அது முதல் பக்கச் செய்தி. தமிழக அரசின் ஒப்பந்தப்புள்ளிகள் தனித் தளத்தில் உள்ளன. தகவல் உரிமைச் சட்ட மனுவை 10 ரூபாய்க் கட்டணத்தில் இணையத்திலேயே அனுப்பலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அந்த ஊராட்சியின் கணக்கைத் தளத்திலிருந்து எடுத்து ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், கூட்டத்துக்குப் போகிறவர் கையில் ஒரு கேள்வியோடு போவார். பெரிய நாளிதழால் 385 ஊராட்சிக்கும் இதைச் செய்ய முடியாது. தம்மம்பட்டியிலோ தலைவாசலிலோ இருக்கும் வார இதழால் தன் சுற்று வட்டாரத்துக்குச் செய்ய முடியும்.

தினசரி விலை, நீர் நிலவரமும் அப்படித்தான். மேட்டூர் அணையின் நீர்மட்டம், உழவர் சந்தை விலைப்பட்டியல், காபி வாரியம் வெளியிடும் காபி விலை எல்லாம் பொதுவில் கிடைப்பவை. முழு நீர்மட்டம் 120 அடி என்ற அணையில் இன்று எத்தனை அடி என்பது சேலத்துக்காரருக்கு எண்ணாக மனப்பாடம். போன ஆண்டு இதே நாளில் எவ்வளவு என்பது நினைவில் இருக்காது. எண்களை ஷீட்டில் தினமும் ஒரு வரி சேர்த்து, டேட்டாராப்பர் என்ற இலவச சேவையில் கொடுத்தால் வரைபடம் வரும். ஓர் ஆண்டு சேர்த்துவிட்டால் அந்த ஷீட்டே ஒரு சொத்து.

நிருபர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைக் கிராமங்களில் பகுதிநேர நிருபர் என்பவர் பெரும்பாலும் தோட்ட வேலையோ கடையோ பார்த்துக்கொண்டே செய்தி தருகிறவர். அவரை உட்கார்ந்து தட்டச் சொல்வது வீண். குரல் செய்தியாக அனுப்பச் சொல்லலாம், அல்லது கைப்பேசி விசைப்பலகையின் மைக்கை அழுத்திப் பேசச் சொல்லலாம். 2017 முதல் கூகுள் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிறது. ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் மட்டும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தே ஆக வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் செய்தியை எழுதித் தரச் சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை. நடக்காததை நடந்ததுபோல் சரளமாக எழுதும் பழக்கம் அதற்கு இருக்கிறது. ஒரே ஒரு பொய்ப் பெயர் போதும், பத்தாண்டு நம்பிக்கை போய்விடும்.

குரலையே பத்திரிகையாக்கியவர்கள் உண்டு. சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துத் தன் ஊர்ச் செய்தியை யாரும் பதிவு செய்யலாம், பிறர் அழைத்துக் கேட்கலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிருபராகலாம், ஸ்மார்ட்போன் தேவையில்லை. உத்தரப்பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002இல் கிராமத்துப் பெண்கள் அச்சு இதழாகத் தொடங்கிய கபர் லஹரியா, பின்னர் அச்சை விட்டுக் கைப்பேசிக் காணொளிக்கு முழுமையாக மாறியது. இரண்டிலும் கருவியைவிட ஆட்களைப் பயிற்றுவிப்பதுதான் முக்கியம் என்பேன். நம் ஊர் இதழ்கள் அச்சை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கண்ணீர் அஞ்சலியும் நினைவஞ்சலியும் காகிதத்தில் வந்தால்தான் குடும்பங்களுக்கு நிறைவு, பத்திரிகைக்கும் வருமானம்.

வருமானம் என்றதும் கூகுள் விளம்பரத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஆட்சென்ஸ் 2018இல் தமிழுக்கு வந்தது. சில ஆயிரம் வாசகர் உள்ள தளத்துக்கு அதில் வருவது தேநீர்ச் செலவுக்குத்தான் காணும். அதற்காகத் தளத்தை விளம்பரத்தால் நிரப்பிக் கனமாக்குவது மலை வாசகருக்குச் செய்யும் அநியாயம். உள்ளூர் நகைக்கடை, விதைக்கடை, பள்ளி விளம்பரத்தை அச்சோடு தளத்திலும் சேனலிலும் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுப்பது நல்ல வழி. சந்தாவுக்கு யு.பி.ஐ. இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. தளத்திலேயே பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே வைத்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் அளவில் போய்விடும். இதழின் கடைசிப் பக்கத்தில் கியூ.ஆர். கோடு அச்சடித்தால் ஏஜென்டிடம் அலைவது பாதி குறையும்.

சட்டப் பக்கத்தில் வேலை முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுப் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலைப்பும் பதிவும் அரசின் பிரஸ் சேவா இணையவாசலில் ஒன்றாகவே விண்ணப்பிக்கலாம். இணையப் பதிப்புக்கு 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும். அவற்றின் சில பகுதிகள்மீது நீதிமன்றங்களில் வழக்குகள் இருந்தாலும், புகார் கேட்கிறவரின் பெயரையும் தொடர்பு முகவரியையும் தளத்தில் போட்டு வைப்பது நல்லது. தவறான செய்தி வந்தால் யாரிடம் சொல்வது என்று ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது பழைய இதழ்கள். அலுவலகப் பரணில் கட்டிக் கிடக்கும் அவற்றைக் கைப்பேசியாலேயே ஸ்கேன் செய்து, இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றலாம். இடத்துக்குக் கட்டணம் கிடையாது. கூகுள் டாக்ஸும் டெசராக்ட் என்ற மென்பொருளும் அச்சுத் தமிழைப் படித்து எழுத்தாக்கும். தெளிவான பக்கமாக இருந்தால் திருத்தும் வேலை குறைவு, மங்கிய பக்கமாக இருந்தால் அதிகம். கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை உண்டு. மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பயிற்சி கிடைக்காது என்று நினைக்கிறேன், ஆசிரியர்கள் போய்க் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டால் மலைப்பாகிவிடும். கணினிக்கு முன் அச்சுக் கோத்த காலத்து இதழ்களிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அவற்றுக்கு வேறு கோப்பே கிடையாது, காகிதமும் நைந்துகொண்டிருக்கிறது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணாகவே வையுங்கள். இதழ்கள் தாமாகவே வரிசையில் நிற்கும்.